குடை மறந்த ஆடு

லாரியை எடுப்பதற்கு முன்னால் அவர் கீழே குனிந்து பார்ப்பார். லுங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டயராக, முன்னாலும் பின்னாலும் குனிந்து குனிந்து ஒரு சுற்று வருவார். கையால் லாரியின் பக்கப் பலகையில் தட்டுவார். "போங்க, போங்க, எடுக்கப்போறேன்" என்பார். மத்தியான வெயிலில் நிற்கிற லாரிக்கு அடியில் நிழலுக்காக நாயோ கோழியோ படுத்திருப்பது வழக்கம்தான். ஒன்றுமே இல்லாத நாளிலும் அவர் அப்படித்தான் சொல்வார். ஏறி உட்கார்ந்த பிறகு மறுபடி இறங்கி வந்து பார்ப்பதும் உண்டு.

"இப்பதான பாத்தீங்க?" என்று யாராவது கேட்டால், "நான் ஏறுறதுக்குள்ள ஏதாச்சும் வந்திருந்தா?" என்பார்.

அரியலூரில் செந்துறை ரோட்டில் நான் சிடி வாடகைக் கடை வைத்திருந்த காலம் அது. ரெண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்கும். கடைக்கு எதிரில் ஒரு டீக்கடை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஃபாக்டரிக்குப் போகிற லாரிகள் அங்கே வரிசையாக நிற்கும். ரோடு, வேப்பமரம், என் கடையின் தகரம் எல்லாமே கல் தூசி படிந்து வெள்ளையாகத்தான் இருக்கும். நான் ஐந்தாவது வரை படித்தவன். பேச்சும் அவ்வளவாக வராது. கடைக்கு வருகிறவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து விரலை நீட்டுவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். அதனாலேயே அந்தத் தொழில் எனக்குப் பிடித்திருந்தது.

அவரை மற்ற டிரைவர்கள் ஆரன்காரர் என்பார்கள். காலி ரோட்டிலும் ஆரன் அடித்துக்கொண்டே வருவார். வளைவில் அடிப்பார், வளைவு முடிந்த பிறகும் அடிப்பார். தூரத்தில் ஆரன் சத்தம் தொடங்கினால் டீக்கடையில் அவருக்கு டீ போட ஆரம்பிப்பார்கள். அது ஆறுகிற நேரத்துக்குத்தான் வந்து சேருவார்.

"என்னா ஆரன்காரரே, எறும்புங்ககிட்டயெல்லாம் வழி கேட்டுட்டு வந்தீங்களா?" என்பான் திருமானூர்க்காரன். வயசுப் பையன், ஆரன்காரரின் முதலாளியிடமே இன்னொரு லாரி ஓட்டுகிறவன்.

"கேட்டேன். ஒன்னைய வேகமாப் போவ வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு," என்பார் இவர். சிரிக்காமல்தான் சொல்வார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. நெற்றி எப்போதும் சுருங்கியே இருக்கும். டீ குடிக்கும்போதும் கண் ரோட்டில்தான் இருக்கும்.

இத்தனைக்கும் அவர் லாரியில் அதுவரை எதுவும் அடிபட்டதில்லை. எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறார், ஒரு கோழிகூட இல்லை. ஒருமுறை நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். "அப்பறம் ஏண்ணே பயப்படுறீங்க?"

"இத்தன நாளும் இல்லியே தம்பி," என்றார். "அதான் பயமா இருக்கு."

அவர் முதலில் என் கடைக்கு வந்தது குடிக்கத் தண்ணீர் கேட்டு. டீக்கடைத் தண்ணீர் உப்புக் கரிக்கும். சொம்பை வாங்கிக் குடித்துக்கொண்டே அங்கே ஓடிக்கொண்டிருந்த சின்ன டிவியைப் பார்த்தார். அன்றைக்கு நான் போட்டிருந்தது களிமண் பொம்மைகளை வைத்து எடுத்த குட்டிக் குட்டிப் படங்கள். லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர் சவூதியில் ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு வரும்போது எனக்குச் சில சிடிகள் கொண்டுவந்து தருவார். அதில் ஒன்று அது. அட்டையில் ஒரு ஆடு குடையோடு நிற்கும். யாரும் அதை வாடகைக்குக் கேட்டதில்லை.

ஆடு ரோட்டைத் தாண்ட வேண்டும். கதை அவ்வளவுதான். குடையைப் பக்கத்தில் ஊன்றி வைத்துவிட்டு வலது பக்கம் பார்க்கும், இடது பக்கம் பார்க்கும். ஒரு காலை வைக்கும். சைக்கிள் வரும். காலை எடுத்துக்கொள்ளும். மறுபடி வைக்கும். வாத்துக்கூட்டம் வரும். தெரிந்த வாத்துகள் போல, ஒவ்வொன்றுக்கும் நின்று தலையாட்ட வேண்டியிருக்கும். கடைசியில் ரோடு காலியாகிவிட்டது என்று நம்பி நடுவில் வந்ததும் ரோடு ரோலர் வரும். மெதுவாகத்தான் வரும். ஆடு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும். ரோலர் ஏறிப் போய்விடும். ஆடு அப்பளம் மாதிரி ரோட்டில் ஒட்டிக் கிடக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காது நிமிரும். ஓரத்திலிருந்து தன்னைத்தானே உரித்துக்கொண்டு எழுந்து, பாயை உதறுவது போல உதறி, மூச்சை இழுத்து உடம்பைப் பழையபடி ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம்தான் திரும்பிப் பார்க்கும். குடை இந்தப் பக்கம் இருக்கும்.

ரோலர் வந்தபோது அவர் சொம்பை இறக்கிவிட்டார். காது நிமிர்ந்தபோது மூக்கின் வழியாக ஒரு சத்தம் வந்தது. குடையைக் காட்டியதும் சிரித்தாரே, தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. எதிரில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"திருப்பிப் போடுங்க தம்பி."

போட்டேன்.

"அதும் மூஞ்சியப் பாருங்க," என்றார். "செத்துப்போனோமேன்னு வருத்தமே இல்ல. மேலு அழுக்காயிடுச்சேன்னுதான் எரிச்சல்."

அன்றிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் கடைக்கு வந்துவிடுவார். உட்கார மாட்டார். வாசலில் நின்றபடி ஆட்டை ஒருதரம் பார்த்துவிட்டு லாரியைச் சுற்றிக் குனிந்து பார்க்கப் போவார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நெற்றியில் சுருக்கம் இருக்காது.

எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்க ஆரம்பித்தது அவரால்தான். அதற்கு முன் அவை குழந்தைகளுக்கானவை என்று நினைத்திருந்தேன். அதில் இரண்டு கோழிகள் ஒரு தக்காளியை முட்டை என்று நினைத்துக்கொண்டு, நான்தான் அடைகாப்பேன் என்று சண்டை போடும். ஒரு எருமை முடிவெட்டப் போய், தலையில் முடியே இல்லை என்று தெரிந்து வெட்கப்பட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. படிப்பதற்கு எழுத்தும் வராது. எருமை எதற்காக எழுந்து போகாமல் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் நானே அப்படி இருந்திருக்கிறேன். நமக்கு நடந்தால் ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. எருமைக்கு நடந்தால் சிரிப்பு வருகிறது.

பாய் அடுத்த லீவில் வந்தபோது இவரும் கடையில் இருந்தார். இரண்டு பேரும் டிரைவர்கள் என்பதால் பேச்சு உடனே ஒட்டிக்கொண்டது.

"அங்க ரோட்டுல ஆடு மாடு வருங்களா பாய்?"

"ஆடு வராது. ஒட்டகம் வரும். ஒட்டகத்த இடிச்சா ஒட்டகத்துக்கு முன்னாடி நாம மவுத்தாயிடுவோம்."

"அது தேவலாம்," என்றார் இவர்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சிடியைப் போட்டேன். ஆட்டைப் பார்த்துக்கொண்டே பாய் சொன்னார்: "இது எப்படி எடுக்குறாங்க தெரியுமா டிரைவரே? களிமண்ணுல செஞ்சு வச்சு, கால கொஞ்சூண்டு நகத்துவாங்க. கைய எடுத்துட்டு ஒரு போட்டோ. திரும்ப கொஞ்சூண்டு நகத்தி இன்னொரு போட்டோ. அதையெல்லாம் சேத்து ஓட்டுனா நடக்குற மாதிரி இருக்கும். நான் இருக்குற வூட்டுப் புள்ளைங்ககிட்ட அத எடுக்குறத காட்டுற சிடியும் இருக்கு. நாள் பூரா நகத்துறாங்க, ஆடு ஒரு எட்டுதான் வச்சிருக்கும்."

இவர் டிவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "அப்ப ஒரு ஆளு பக்கத்துலயே நிக்கிறாரா?"

"நிக்காம?"

"ரோலர் ஏறும்போதுமா?"

"ரோலரையும் அவருதான நகத்தணும்."

இவர் முகம் மாறிவிட்டது. "ஆட்டையும் அவருதான், ரோலரையும் அவருதானா?"

பாய் திரும்பிப் பார்த்தார். "ஆமா, வேற யாரு?"

மறுபடி டிவியைப் பார்த்தார். பிறகு அவராகவே தலையாட்டிக்கொண்டார். "அப்ப சரிதான். ஏத்துனவரே எழுப்பி வுட்டுடுறாரு."

அதற்குப் பிறகு அவர் படத்தில் ஆட்டைப் பார்த்தாரா, அந்த ஆளைத் தேடினாரா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஆட்டின் முதுகைக் காட்டினார். "ரேக தெரியுது பாருங்க தம்பி." உற்றுப் பார்த்தால் களிமண்ணில் விரல் ரேகை தெரிந்தது. ஆடு நடக்க நடக்க அந்த ரேகை லேசாக மாறிக்கொண்டே இருந்தது.

அவர் மனைவி ஒருநாள் தனியாகக் கடைக்கு வந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நீங்கதான் அந்த ஆட்டுப் படம் போடுறவராண்ணே?" என்று கேட்டார். ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கும் ஒருதடவ போட்டுக் காட்டுங்க."

நின்றபடியே முழுதும் பார்த்தார். சிரிக்கவில்லை. "சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருக்காருண்ணே," என்றார். "தூங்கும்போது கால ஒதைக்கிறாரு. பிரேக் போடுறாராம். வேலைய வுட்டுட்டு சொந்த ஊரு வேப்பந்தட்டைக்கே போயிடலாம்னா அங்க மழ இல்ல, காட்டுல என்னா வெளையும்? ரெண்டு பொண்ணும் இங்க படிக்குதுங்க. மொதலாளி வேற, திருமானூர்ப் பையன் அத்தன நடை லோடு அடிக்கிறான், நீ ஏன் இத்தனதான்னு கேக்குறாரு. வண்டிய வேற ஆளுக்கு மாத்திடுவேன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இதப் பாத்தா அவருக்குப் பயம் போவுதாண்ணே?"

"போவுதுங்க," என்றேன். "கொஞ்ச நேரத்துக்கு."

"அப்ப இந்த சிடிய யாருக்கும் குடுத்துடாதீங்க. இங்கயே இருக்கட்டும்."

அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அந்தக் குடும்பத்தின் சாப்பாடு அந்தச் சிடித் தட்டில் இருப்பதுபோல எனக்கு அப்போதிலிருந்து ஒரு பயம். பிளேயரில் போடும்போதெல்லாம் சட்டைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் போடுவேன்.

அவர் லாரியில் ஆடு அடிபட்டது ஐப்பசியில். வேறு யாராவது ஓட்டியிருந்தால் அது பேச்சாகவே ஆகியிருக்காது. எங்கள் பக்கம் லாரியில் ஆடு அடிபடுவது அடிக்கடி நடப்பதுதான். ஊர்க்காரர்கள் லாரியை மறிப்பார்கள், டிரைவர் கேட்டதைக் கொடுத்துவிடுவார், அதன் பிறகு அந்த ஆடு டிரைவருடையது. அறுத்துப் பங்கு போட்டு மறித்தவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். கோபமெல்லாம் கறி வேகும்போது அடங்கிவிடும்.

பின்னால் வந்த லாரியில் திருமானூர்க்காரன் இருந்தான். சாயங்காலம் டீக்கடையில் அவன்தான் நடித்துக் காட்டினான்.

"வளைவுல ஆரன் அடிச்சாரு மாப்ள. எல்லா ஆடும் இந்தப் பக்கம் ஓடிடுச்சு. இந்த ஒரு ஆடு ஆரனக் கேட்டு மெரண்டு போயி நேரா டயருக்குள்ளயே வந்துருச்சு. மெதுவாத்தான் ஏறுச்சு. இவரு எறங்குனாரு. ஆட்டுக்கார அம்மா வந்து கத்துச்சு. கேட்டத எடுத்துக் குடுத்துட்டாரு, பேரமே பேசல. அந்தம்மாவே, சரிய்யா, ஆட்ட எடுத்துக்கன்னுடுச்சு. நான் கத்திய எடுக்கப் போனேன். கொஞ்சம் இருங்கன்னாரு."

அவன் தரையில் குந்தி உட்கார்ந்தான், அவர் உட்கார்ந்தது போல. "ஆட்டோட முன்னங்கால இப்படிப் புடிச்சு கொஞ்சூண்டு தூக்கி வச்சாரு. கைய எடுத்துட்டுப் பாத்தாரு. அப்பறம் கழுத்த லேசா நிமுத்தி வச்சாரு. கைய எடுத்துட்டுப் பாத்தாரு. காத நிமுத்துனாரு. அது வுழுந்துடுச்சு. திரும்பவும் நிமுத்துனாரு."

முதலில் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் குரலும் இறங்கிவிட்டது.

"ஆட்டுக்கார அம்மா பயந்துடுச்சு. யோவ், செத்த ஆட்ட என்னய்யா பண்றன்னு அழுவுது. நான்தான் தோளப் புடிச்சுத் தூக்குனேன். கறிய ஒருத்தரும் தொடல மாப்ள. அந்தம்மாவே இழுத்துட்டுப் போயி பொதைச்சிட்டாங்களாம்."

அந்தக் கதையை அவன் அதன் பிறகு சொன்னதில்லை.

கொஞ்ச நாள் அவர் வரவில்லை. மறுபடி வந்தபோது மத்தியானம், லோடோடு வந்திருந்தார். ஆரன் சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்கிறார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க தம்பி."

துடைத்துவிட்டுப் போட்டேன். ஆடு வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது. சைக்கிள் போனது. வாத்துகள் போயின. ரோலர் வந்து ஏறிப் போனது. ஆடு தரையோடு கிடந்தது. காது நிமிர வேண்டிய இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது.

தினமும் ஓடி ஓடிக் கீறல் விழுந்த சிடி. நின்றது அந்த இடத்தில்தான்.

"என்னாச்சு?"

"சிக்குதுண்ணே. இதோ." எடுத்துத் துடைத்துப் போட்டேன். மறுபடி ஆடு, சைக்கிள், வாத்துகள், ரோலர். மறுபடி அதே இடம். பற்பசை தடவித் தேய்த்தால் கீறல் போகும் என்று எல்லாக் கடைக்காரர்களும் செய்வோம். டீக்கடையிலிருந்து பற்பசை வாங்கி வந்து தேய்த்தேன். கழுவிப் போட்டேன். ஆடு எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி ஓட வுடுங்க," என்றார். தள்ளினேன். நேராக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த ஆடு வந்தது. "இது இல்ல. எந்திரிக்கிறது வேணும்."

வெளியில் அவர் லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஆரன் அடித்தன. முதலாளியின் மச்சான் புல்லட்டில் வந்து இறங்கினார். அவரோடு பின்னால் உட்கார்ந்து திருமானூர்க்காரனும் வந்திருந்தான். அவன் லாரி ஸ்பிரிங் பட்டை ஒடிந்து ஒர்க் ஷாப்பில் இருந்தது.

"என்னாங்க இது? ஃபாக்டரில லைன் நிக்கிது, இங்க ஒக்காந்து பொம்மை பாக்குறீங்க?"

"எந்திரிச்சதும் போயிடுறேங்க," என்றார் இவர்.

"யாரு எந்திரிக்கணும்?"

இவர் டிவியைக் காட்டினார். மச்சான் டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபக்காரர்தான், ஆனால் அப்போது குரலைத் தணித்துக்கொண்டார். "அது பொம்மைங்க. எந்திரிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? எத்தன தடவ பாத்திருக்கீங்க."

"தெரியுங்க. தெரியாம இல்ல." தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கிப் பாக்கணும்."

நான் இன்னொரு முறை துடைத்தேன். துணி ஈரமாகிவிட்டிருந்தது. சதுரங்கள் அதேபோல நின்றன.

அவர் எழுந்தார். லாரிக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மச்சானிடம் நீட்டினார். "திருமானூர்த் தம்பியே எடுக்கட்டும்."

"இன்னிக்கி அவன் எடுத்தா நாளைக்கும் அவன்தான் எடுப்பான். புரியுதா? மொதலாளி ஏற்கனவே சொல்லிட்டாரு."

"புரியுதுங்க."

"பொண்ணுங்க படிக்குதுல்ல?"

சாவியோடு அவர் கை நீட்டியபடியே இருந்தது. மச்சான் சாவியை வாங்கித் திருமானூர்க்காரனிடம் கொடுத்தார். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அண்ணே, நான் கேக்கலண்ணே," என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய் ஏறி லாரியை எடுத்தான். மச்சானும் புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். புழுதி அடங்கியபோது கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் ஸ்டூலில் திரும்பவும் உட்கார்ந்தார். நான் டிவியை அணைத்தேன். இனி இவருக்குப் பயம் இருக்காது, பிழைப்புக்குத்தான் வழி தேட வேண்டும் என்று நினைத்தேன்.

"எறக்கத்துக்கு வந்திருப்பான்," என்றார்.

லாரியை எடுத்துப் போன திருமானூர்க்காரனைச் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"எறக்கத்துல டீசல மிச்சம் புடிக்க நியூட்ரல் அடிப்பான். அடிக்கக் கூடாது." வலது காலைத் தரையில் அழுத்தினார். "பள்ளிக்கூடம். சாப்பாட்டு மணி அடிச்சிருக்கும். புள்ளைங்க தட்டு கழுவ ரோட்டுக் குழாய்க்கு வரும்." இரண்டு கைகளும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் ஒன்றும் இல்லை. "தாண்டிட்டான். இப்ப கொளத்தங்கர. அங்க மாடு குளிப்பாட்டுவாங்க. ஒரு கெழவரு, காது கேக்காது அவருக்கு." மறுபடி காலை அழுத்தினார். "கேட்டு. ரயில்வே கேட்டு போட்டிருந்தா நிப்பான். போட்டிருக்கணும்."

அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மனசுக்குள் நானும் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

"சேந்திருக்கும்," என்றார் கடைசியில்.

கைகள் முழங்காலை விட்டன. முதுகு தளர்ந்து சுவரில் சாய்ந்தது. நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார்.

"எறக்கிட்டுக் காலி வண்டியா திரும்புவான்," என்றார். "காலி வண்டிய இன்னும் வேகமா ஓட்டுவான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.